புற அறிவும் புத்தாக்கமும்: கூகுள் நிறுவனத்தின் தொடக்கக் காலம் உணர்த்தும் பாடம்

முன்னுரை

புதிய தொழில்நுட்பப் பொருள்களைப் பற்றிப் பேசும்பொழுது, அவற்றை ஆக்கியோரின் மேதைமையையே பலரும் முன்னிறுத்துவர். ஆயினும், தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன சிறு நிறுவனத்திடம் பெரிய ஆய்வுக்கூடமோ ஆய்வுக்குரிய பெருநிதியோ இருப்பதில்லை. அதற்கு வேண்டிய அறிவின் பெரும்பகுதி வெளியிலிருந்தே வந்தாக வேண்டும். அவ்வறிவு வரும் வழிகளையும் அது புதிய பொருளாக மாறும் முறையையும் கூகுள் நிறுவனத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

உள்வாங்கும் திறன்

வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் ஆகிய இருவரும் 1990ஆம் ஆண்டில் 'உள்வாங்கும் திறன்' என்னும் கருத்தினை முன்வைத்தனர். புற அறிவின் மதிப்பை இனங்காணுதல், அதனைத் தன்வயப்படுத்துதல், வணிகப் பயனுக்குக் கொணர்தல் ஆகிய மூன்றும் அதன் கூறுகளாகும். இத்திறன், நிறுவனம் முன்னரே பெற்றுள்ள அறிவைச் சார்ந்தது என்பதே அவர்தம் வாதத்தின் உயிர்நாடி. இலக்கணப் பயிற்சியில்லாதவர் கையில் தொல்காப்பிய உரை கிடைப்பதனால் மட்டும் பயன் விளைவதில்லை அன்றோ!

மூன்று வழிகள்

முதல் வழி பல்கலைக்கழகம். ஓர் ஆய்வுக்கட்டுரையைப் பிறர் எத்துணை முறை மேற்கோள் காட்டினர் என்பதைக் கொண்டு அதன் செல்வாக்கை மதிப்பிடும் முறை கல்வியுலகில் நெடுங்காலம் இருந்துவந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களாயிருந்த லேரி பேஜும் செர்கே பிரின்னும் அம்முறையை இணையப் பக்கங்களின் இணைப்புகளுக்குப் பொருத்தினர். அவ்வழிமுறையின் காப்புரிமை பல்கலைக்கழகத்துக்கே உரியதாயிற்று. 1998இல் தொடங்கப்பெற்ற கூகுள் அதற்கான உரிமத்தைப் பெற்றது. ஈடாகக் கிடைத்த பங்குகளைப் பல்கலைக்கழகம் 2005க்குள் விற்று 336 மில்லியன் அமெரிக்க டாலர் ஈட்டியது.

இரண்டாம் வழி போட்டியாளர். தேடற்சொற்களுக்கான விளம்பர இடத்தை ஏலத்தில் விடும் முறையைப் பில் கிராஸ் தொடங்கிய கோடூ நிறுவனம் 1998இலேயே நடைமுறைப்படுத்தியது. ஏலத்தொகை மிகுந்த விளம்பரம் அங்கு முதலிடம் பெற்றது. 2002இல் கூகுள், ஏலத்தொகையோடு பயனர் அவ்விளம்பரத்தைச் சொடுக்கும் விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டது. பெற்ற அறிவில் தன் அறிவைச் சேர்த்தமையே இங்குப் புத்தாக்கம். எனினும், அது விலையின்றி முடியவில்லை. காப்புரிமை வழக்கைத் தீர்க்க, கோடூவின் உரிமைகளைக் கையகப்படுத்தியிருந்த யாகூவுக்கு 2004இல் 2.7 மில்லியன் பங்குகளைக் கூகுள் வழங்க நேர்ந்தது.

மூன்றாம் வழி கையகப்படுத்தல். 2004இல் கீஹோல் என்னும் சிறு நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. அதன் நிலப்படத் தொழில்நுட்பமே 2005இல் 'கூகுள் எர்த்' ஆக வெளிவந்தது.

முடிவுரை

இம்மூன்று வழிகளிலும் அறிவு வெளியிலிருந்து வந்தது. அதனை மதிப்பிடும் திறன் உள்ளேயே இருந்தது. இவ்வுண்மை தமிழ்த்துறையினருக்கும் உரியது. 'மரம்' என்று தேடுபவருக்கு 'மரத்தை', 'மரங்கள்' ஆகியனவும் கிடைக்க வேண்டுமாயின், மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை பெறுதலையும், அவ்வீறு இனமெல்லெழுத்தாகத் திரிதலையும் மென்பொருள் அறிந்திருத்தல் வேண்டும். தமிழ் மென்பொருள் ஆக்கும் இளம் நிறுவனங்களுக்கு நாமே புற அறிவு. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் மொழியறிஞரும் கணினி வல்லுநரும் ஒன்றுகூடியதன் பயனே 'தமிழ் 99' விசைப்பலகை.

நம் இலக்கண அறிவை அவர்கள் தேடி வரும்வரை காத்திருத்தல் போதாது. அதனைக் கணினி ஏற்கும் விதிகளாக வகுத்துத் தரும் பயிற்சியை நம் மாணவர்க்கு அளித்தல் வேண்டும். இன்றேல், தமிழறியாதார் வகுத்த விதிகளின்படியே நம் மொழி கணினியில் வழங்கும் நிலை தொடரும்.