எண்களை இசையாக்கும் பெட்டி

"பழைய சி.டி. பிளேயருக்குத் தனி டி.ஏ.சி. வாங்கி வைத்தால் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்குமா?" என்று அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள்.

1982-இல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் பதிந்திருப்பவை வெறும் எண்களே. இடம், வலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடி இசையை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்திருக்கிறார்கள். அவற்றை மீண்டும் மின்னலையாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவதுதான் டி.ஏ.சி.யின் வேலை. பிளேயருக்குள்ளேயே ஒன்று உண்டு. பின்புறம் 'டிஜிட்டல் அவுட்' இருந்தால் வெளியிலிருந்தும் ஒன்றை இணைக்கலாம். தட்டைப் படிப்பது மட்டும் பழைய பிளேயரின் பொறுப்பாகிவிடும்.

கடையில் கேட்டு மயங்கிவிடாதீர்கள். சி.டி. பிளேயர்கள் பெரும்பாலும் உச்சமாக 2 வோல்ட் தரும். சில டி.ஏ.சி.கள் அதைவிடக் கூடுதலாகத் தருகின்றன. சற்றே உரத்துக் கேட்பதை நம் காது 'தெளிவு' என்று எடுத்துக்கொள்கிறது. நானும் அப்படி ஏமாந்தவன்தான்! பிறகு ஒரே சீரான சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து இரண்டையும் சமப்படுத்தினேன். எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடும்படி மனைவியிடம் கேட்டுக்கொண்டேன். தம்பூரா, வயலின், மிருதங்கம் எதிலும் என்னால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. (அவருக்குச் சிரிப்பு.)

பழைய பிளேயரின் ஒலியில் இரைச்சல் கலந்திருந்தால் டி.ஏ.சி. உதவக்கூடும். பாட்டு தாவித் தாவி ஓடினால் உதவாது. அதற்குத் தட்டில் கீறல் இருக்கிறதா, லென்ஸில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.