பிடிலின் பாட்டனார் விலைக்கு வருகிறார்

ஜாஸ் இசைத்தட்டொன்றைக் கேட்கும்போது நம்மிற் பலருடைய செவி முதலிற் செல்வது எக்காளத்திடமும் சாக்ஸபோனிடமுமேயாம். அவற்றின் அடியிலே, இராக்காலத்தில் வீதியால் நடந்து போகும் ஒருவனது காலடியோசைபோல, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனத் தளராது கேட்டுக்கொண்டிருக்கும் ஆழ்ந்த நாதத்தைத் தனியே பிரித்துக் கேட்டவர் சிலர். அது நின்றுவிட்டாலோ எல்லோருக்கும் தெரிந்துவிடும். நடுக்கால் உருவப்பட்ட பந்தல்போல மற்றைய வாத்தியங்கள் தடுமாறும். அந்த நாதத்துக்கு உரியது டபிள் பாஸ் என்னும் ஆளுயர வாத்தியம். பிடில், வியோலா, செலோ ஆகியவற்றுக்குப் பாட்டனார் என்றே அதனைச் சொல்லலாம்.

இவ்வாத்தியக்காரருடைய பாடு பெரும்பாடு. குழற்காரர் தம் கருவியைக் கைப்பையில் இட்டுக்கொண்டு வருவார். பாஸ்காரரோ ஆறடி உயர வாத்தியத்தைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறவேண்டும். ஏறி வந்து, வியர்வை துடைத்து, வாசிக்கத் தொடங்கினால், “உங்கள் வாத்தியம் கேட்கவில்லையே!” என்று மேளக்காரர் சொல்லுவார். நல்ல வாத்தியம் ஒன்றைத் தேடி வாங்குவதும், வாங்கியதைப் பிறர் கேட்கச் செய்வதும், ஒரு நாள் மனமின்றி அதை விற்பதுமாகவே இவர்களது வாழ்விற் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் உருவானபோது, அடிநாதத்தைத் தாங்கியது சில குழுக்களில் டியூபா என்னும் பெரும் பித்தளைக் கொம்பு. சில குழுக்களில் டபிள் பாஸ். மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்திற் பெரும்பாலும் வில்லினால் இழைக்கப்படும் இவ்வாத்தியத்தை ஜாஸ்காரர் விரலினாற் சுண்டி மீட்டினர். தந்தியை இழுத்துப் பலகையில் அறைந்து ஓசை எழுப்பினவர்களும் உண்டு. கவுண்ட் பேசியின் குழுவிலிருந்த வோல்டர் பேஜ், அடிக்கு ஒரு சுரமாக நடந்து செல்லும் நடையை நிலைபெறச் செய்தார். 1939இல் டியூக் எலிங்டனிடம் வந்து சேர்ந்த ஜிம்மி பிளாண்டன் என்ற வாலிபரோ, பாஸும் எக்காளம்போலத் தனித்துப் பாடவல்லது என்று காட்டினார். காசநோய் அவரை 1942இலே, தமது இருபத்து மூன்றாவது வயதிற் கொண்டுபோயிற்று. அவருக்குப் பின் வந்தவர் எவரும் அவருக்குக் கடன்படாதவரல்லர்.

இலங்கைக்கும் இந்நாதம் புதியதன்று. 1958இல் டேவ் புரூபெக் குழுவினருடன் யூஜீன் றைட் என்ற பாஸ் கலைஞர் இங்கு வந்தார். 1963இல் எலிங்டனின் குழு கொழும்பிற்கு வந்தது. அன்று கேட்டவர்களில் இன்று தாத்தாமாராய் இருப்போரை வீட்டில் விசாரித்துப் பார்க்கலாம்.

மாட்டுக்குப் பல், பாஸுக்குக் கழுத்து

மாடு வாங்கப் போகிறவன் முதலிற் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். பாஸ் வாங்குகிறவன் கழுத்தைப் பார்க்கவேண்டும். இவ்வாத்தியத்தின் கழுத்து உடலோடு பொருந்தும் இடமே அதிக பாரத்தைத் தாங்கும் இடம். தவறி விழுந்தால் முதலில் முறிவதும் அங்கேதான். முறிந்ததைத் திறமையாக ஒட்டி, வர்ணம் பூசி மறைத்திருப்பார்கள். சிறு விளக்கொன்றைப் பிடித்து அந்த மூட்டைச் சுற்றிப் பார்ப்பது வெட்கப்படவேண்டிய காரியமன்று.

அடுத்துப் பார்க்கவேண்டியது முதுகுப்பலகை. உடலின் உள்ளே, குதிரையின் ஒரு காலுக்கு அணித்தாக, மேற்பலகைக்கும் முதுகுப்பலகைக்கும் இடையே சிறு மரத்தூண் ஒன்று ஒட்டாமலே நிற்கிறது. தந்திகளின் அழுத்தமே அதைப் பிடித்துவைத்திருக்கிறது. அத்தூணை அரை அங்குலம் நகர்த்தினாலும் வாத்தியத்தின் குரல் மாறிவிடும். பிரெஞ்சுக்காரர் அதற்கு ‘ஆன்மா’ என்றே பெயரிட்டிருக்கின்றனர். அத்தூண் நிற்கும் இடத்தில் முதுகுப்பலகை வெடித்திருந்தால், எத்துணை அழகிய வாத்தியமாயினும் விலை பெரிதும் இறங்கும். மேற்பலகையின் ஓரங்களில் உள்ள சிறு வெடிப்புக்களோ முதியவர் முகத்துச் சுருக்கங்கள் போன்றவை. ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தால் அஞ்சவேண்டியதில்லை.

உள்ளே ஒட்டப்பட்டுள்ள பெயர்ச்சீட்டை நம்பிப் பணம் கொடுப்பது பேதைமை. ஜெர்மனியின் மிட்டன்வால்டிலும் பிரான்சின் மிரெகூரிலும் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் வாத்தியங்களைச் செய்து உலகெங்கும் அனுப்பின. அவற்றுட் பல சீட்டின்றியே வந்தன. சீட்டை ஒட்டுவது எவருக்கும் எளிது. வாத்தியத்தைச் செய்தவர் யார் என்று கேட்பதற்கு முன், அது எப்படி ஒலிக்கிறது என்று கேட்கவேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு: நண்பர் ஒருவரை அழைத்துச் சென்று அவரை வாசிக்கவிட்டு, நாம் மண்டபத்தின் மறுகோடியில் நின்று கேட்பது. வாசிப்பவர் காதருகே முழங்கும் சில வாத்தியங்கள் பத்து யார் தூரத்தில் ஊமையாகிவிடும். சில, பக்கத்திற் சாதுவாயிருந்து தூரத்திற் கணீரென்று கேட்கும்.

மரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஸ்புரூஸ் மரத்தைக் குடைந்து மேற்பலகையும், மேப்பிள் மரத்தில் முதுகும் செய்யப்பட்ட வாத்தியமே உயர்ந்தது என்பது பொதுவான எண்ணம். அத்தகைய பழைய வாத்தியங்களின் விலை பல பதினாயிரம் டொலர் வரை ஏறும். ஆயினும், ஜாஸ் வளர்ந்தது அவற்றினால் மட்டுமன்று. சிக்காகோவிலிருந்த கே என்ற நிறுவனம் 1937 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகையினாற் பாஸ்களைச் செய்து மலிவாக விற்றது. பாடசாலைகளும் நடனக் குழுக்களும் அவற்றையே வாங்கின. பஸ்ஸிலும் காரின் கூரையிலும் ஏற்றி ஊரூராகக் கொண்டு திரிந்தாலும் ஒட்டுப்பலகை எளிதில் வெடிப்பதில்லை. விறைப்பாக இருப்பதனால், மின்சார ஒலிபெருக்கியோடு சேர்த்து வாசிக்கும்போது ஊளையிடுவதும் குறைவு. இளம் மாணவர் ஒருவர் பெயர்பெற்ற பழைய வாத்தியத்துக்குக் கடன்படுவதைக் காட்டிலும், நல்ல ஒட்டுப்பலகைப் பாஸ் ஒன்றை வாங்கி, மீதிப் பணத்தில் தேர்ந்த கைவினைஞரைக் கொண்டு குதிரையையும் விரற்பலகையையும் செப்பனிடுவித்துக்கொள்வதே மேல் என்பது எமது எண்ணம். இதை மறுப்பாரும் உளர்.

கேட்காத குரலைக் கேட்கச் செய்தல்

இனி, மேளக்காரரின் முறைப்பாட்டுக்கு வருவோம். பாஸின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 27 அடி. அவ்வளவு நீண்ட அலையை ஆறடி உயரப் பெட்டி முழுவலுவோடு காற்றில் எறிய இயலாது. நமது செவியும் தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது. ஆகவே நாம் ‘பாஸ்’ என்று கேட்பதிற் பெரும்பகுதி அதன் மேற்சுரங்களே. அடிச்சுரத்தை நம் மனம் இட்டு நிரப்பிக்கொள்கிறது. இந்த நிலையில் மேளமும் எக்காளமும் முழங்கும் மேடையில் தனி ஒருவர் விரலாற் சுண்டிப் போட்டியிடுவதென்றால் எப்படி?

முற்காலத்தார் ஆட்டுக்குடலிற் செய்த நரம்புகளை, பலகைக்கு மேலே உயர்த்திக் கட்டி, பலங்கொண்டமட்டும் இழுத்து மீட்டினர். விரலில் இரத்தக் கொப்புளம் எழுவது அன்று தொழிலின் அடையாளம். ஒலிவாங்கி கிடைத்த இடத்தில் அதற்குப் பக்கத்திற் போய் நின்றனர்.

1946இல் எவரெட் ஹல் என்ற அமெரிக்கர் ஒரு தந்திரம் செய்தார். தாமே பாஸ் வாசிப்பவராகிய அவர், வாத்தியம் தரையில் ஊன்றி நிற்கும் முளையின் உள்முனையில் சிறிய ஒலிவாங்கியைப் பொருத்தி, அதை உடலுக்குள்ளே நிற்கச் செய்தார். ‘அம்பிளிபைட் பெக்’, அதாவது ஒலிபெருக்கிய முளை, என்ற சொற்கள் குறுகி அம்பெக் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயராயின. ஐந்து ஆண்டு கழித்து, 1951இல், லியோ ஃபெண்டர் வேறொரு வழியாக வந்தார். கிட்டார்போலத் தோளில் மாட்டக்கூடிய, மெட்டுக்கள் பதித்த மின்சார பாஸ் அவருடையது. மாடிப்படி ஏறிக் களைத்த பலருக்கு அது வரப்பிரசாதமாயிருந்தது. பழைய வாத்தியத்தை விடமாட்டோம் என்று நின்றவர்களுக்கோ அது பிழைப்பிலே விழுந்த அடி.

அப்படி நின்றவர்களுக்கு இரண்டு துணைகள் கிடைத்தன. ஒன்று, உருக்குத் தந்தி. வியன்னாவிலுள்ள தோமஸ்டிக் நிறுவனத்தின் ஸ்பிரோகோர் தந்திகளை இன்றும் ஜாஸ்காரர் விரும்பி வாங்குகின்றனர். உருக்குத் தந்தியைப் பலகைக்கு அணித்தாகத் தாழ்த்திக் கட்டலாம். மெதுவாகத் தொட்டாலும் நாதம் நீண்டு ஒலிக்கும். மற்றது, அழுத்தினால் மின்சாரம் பிறப்பிக்கும் படிகம். பியர் கியூரியும் அவர் தமையன் ஜாக்கும் 1880இற் கண்டறிந்த அவ்வியல்பே, குதிரையின் காலிடையே செருகப்படும் சிறு ‘பிக்கப்’ கருவியின் அடிப்படை. 1970களில் இவ்விரண்டும் சேர்ந்து பாஸ்காரரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தன.

ஆனால் ஒரு நட்டமும் நேர்ந்தது. அக்கால ஒலிப்பதிவுகள் பலவற்றில் பாஸின் குரல் மரத்தின் குரலாக இல்லை. இரப்பர்ப் பட்டியை இழுத்துவிட்டாற்போல ‘ங்ஞொய்’ என்று கேட்கும். காரணம், படிகம் குதிரையின் நடுக்கத்தை மட்டுமே அறியும். பலகையும் காற்றும் சேர்ந்து எழுப்பும் மூச்சை அது அறியாது. மேலும், அப்படிகத்தின் மின்னோட்டம் மிக மெலிந்தது. அதற்கென அமைந்த, பத்து இலட்சம் ஓமுக்குக் குறையாத உள்தடை கொண்ட முன்பெருக்கியோடு இணைக்காவிட்டால் தாழ்ந்த சுரங்கள் தேய்ந்து, கீச்சென்ற ஒலியே மிஞ்சும். ‘பிக்கப் கூடாது’ என்று அதை அரைவிலைக்கு விற்றுவிடுகிற பலர், உண்மையிற் பிழையான பெட்டியோடு அதை இணைத்தவர்களே. வாங்குகிற கெட்டிக்காரருக்கு அது அதிர்ஷ்டம்.

ஊளையிடுதல் இன்னொரு தொல்லை. ஒலிபெருக்கியின் முழக்கம் பாஸின் மேற்பலகையை அதிரச் செய்ய, அந்த அதிர்வு மீண்டும் பிக்கப் வழியாக ஒலிபெருக்கிக்குப் போக, சுற்றிச் சுற்றி வளர்ந்து மண்டபமே அலறும். ஒலிபெருக்கியை வாத்தியத்துக்கு நேர்பின்னே வைக்காமல் பக்கமாக நகர்த்துவதும், நாற்காலியொன்றில் உயர்த்தி வைப்பதும், வேண்டாத மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வடிகட்டிவிடுவதும் பணமில்லாத, அல்லது சொற்பப் பணமுள்ள வைத்தியங்கள். இவற்றைச் செய்துபாராமல் புதிய ஒலிபெருக்கி வாங்கி, அதையும் விற்று, மீண்டும் ஒன்று வாங்குவோரை எண்ணினால் சிரிப்பு வருகிறது, இரக்கமும் வருகிறது. அவர்கள் தேடுவது, தம் மார்போடு அணைத்து வாசிக்கும்போது தாம் கேட்கும் குரலையே கடைசி வரிசையில் இருப்பவரும் கேட்கவேண்டும் என்பதை. அது முற்றாகக் கைகூடியவர் அரியர். 2014இல் மறைந்த சார்லி ஹேடன் போன்ற சிலர், உருக்கு வந்த பின்பும் ஆட்டுக்குடல் நரம்பின் குரலைக் கைவிட மனமில்லாதிருந்தனர்.

விற்கும் நாள்

பழைய தந்திகளுக்கும் சந்தை உண்டென்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். ஸ்பிரோகோர் புதிதாகக் கட்டியவுடன் சற்றுக் கரகரப்பாக ஒலிக்கும். மாதக்கணக்கில் வாசித்துப் பழகியபின்பே இனிமை பெறும். ஆகவே பிறர் வாசித்துப் பழக்கிய தந்திகளைத் தேடி வாங்குவோர் உளர்.

வாத்தியத்தை விற்பது அவ்வளவு எளிதன்று. வாங்குபவர் நேரில் வந்து தொட்டுப் பார்க்கவேண்டும். தூர இடத்துக்கு அனுப்புவதாயின், தந்திகளைத் தளர்த்தி, குதிரையைக் கழற்றி, ‘ஆன்மா’ விழுந்துவிடும் என்பதை முன்னரே சொல்லி, வன்மையான பெட்டியில் அடைக்கவேண்டும். குளிர் நாடுகளில் மாரிகாலத்து வீட்டுச் சூடு மரத்தை உலர்த்தி வெடிக்கச் செய்யுமாதலால், அப்பருவத்தில் அனுப்பாதிருப்பதே நன்று. பழைய வில்லொன்றின் நுனியில் யானைத்தந்தம் இருந்தால், அதை எல்லை கடத்திக் கொண்டுசெல்வதிற் சட்டச் சிக்கலும் உண்டு. முறிந்து ஒட்டிய இடங்களை மறைக்காமல் முதலிலேயே சொல்லுகிற விற்பனையாளருக்கு விலை சிறிது குறையலாம். வாங்கியவர் திரும்பி வந்து கதவைத் தட்டமாட்டார்.

ஒரு வாத்தியத்தின் கதையைச் சொல்லுகிறோம். 1958இல் ஸ்கொட் லாஃபாரோ என்ற இளைஞருடைய பாஸ் களவுபோயிற்று. பாஸ் கலைஞரான ரெட் மிட்செல் என்ற நண்பரின் துணையோடு அவர் வேறொன்றைத் தேடிக் கண்டார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஏப்ரகாம் பிறெஸ்கொட் என்பவர் 1825ஆம் ஆண்டளவில் செய்த வாத்தியம் அது. பிறெஸ்கொட் தேவாலயப் பாடற்குழுக்களுக்காக வாத்தியம் செய்தவர். ஜாஸ் என்ற சொல்லையே கேட்டிராதவர். லாஃபாரோ தந்திகளை மிகத் தாழ்த்திக் கட்டி, கிட்டார்போல விரைந்து வாசித்தார். 1961 ஜூன் 25ஆம் திகதி, நியூயோர்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை அரங்கில், பியானோ மேதை பில் எவன்ஸுடன் அவர் வாசித்தது ஒலிப்பதிவாகி இன்றும் கேட்கப்படுகிறது. பதினொரு நாட்களின்பின் மோட்டார் விபத்தொன்றில் அவர் உயிர்துறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. உடனிருந்த வாத்தியமும் பெருஞ்சேதமுற்றது.

அது பின்னர் சாமுவேல் கொல்ஸ்டீன் என்ற பாஸ் கைவினைஞரிடம் வந்து சேர்ந்தது. நெடுங்காலம் கிடந்து, 1980களில் அவர் மகன் பரி கொல்ஸ்டீனின் கையாற் சீர்பெற்றது. சர்வதேச பாஸ் கலைஞர் சங்கத்துக்கு அது பின்னர் நன்கொடையாக வழங்கப்பட்டது. லாஃபாரோ இறந்தபின் பிறந்த கலைஞர்களும் அதை அணைத்து வாசித்திருக்கின்றனர்.