வீட்டுக்கு ஒருவர்

எங்கள் ஊர் பொதுச் சேவை மையத்தில் மாலை வேளைகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள் நான். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் அது. 14 முதல் 60 வயதுக்குள் வீட்டுக்கு ஒருவர் சேரலாம். 20 மணி நேரப் பாடம், முடிவில் ஒரு தேர்வு, கட்டணம் இல்லை. இலக்கு 6 கோடி வீடுகள்.  

பாடத்தில் கடினமானது எது தெரியுமா? மவுஸ்தான். இரண்டு தட்டு தட்டுவதற்குள் அம்புக்குறி ஓடிவிடும். கதிர் அறுத்துப் பழகிய கை, அழுத்திப் பிடிக்கும். "பெரியம்மா, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க" என்பேன்.

மின்னஞ்சலும் பாடத்தில் உண்டு. எங்கள் பெண்கள் அதை யாருக்கு அனுப்புவார்கள்? கரண்ட் பில் கட்டுவது, பட்டா எடுப்பது, ரேஷன் கார்டில் பேரனைச் சேர்ப்பது, இவற்றைத்தான் கேட்டார்கள். நானும் அதற்கே நேரம் கொடுத்தேன். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை மட்டும் தினமும் சொல்வேன்.

"நீ கேட்டாலுமா டீச்சர்?"

"நான் கேட்டாலும்தான்."

2024 மார்ச்சில் திட்டம் முடிந்தது. சந்தேகம் கேட்டு வருவது நிற்கவில்லை. போன வாரம் வந்தவருக்கு வில்லங்கச் சான்று பார்க்க வேண்டுமாம்.