பக்கியின் கொடியிறகு எப்படி வளர்கிறது?

சிங்கப்பூரின் கிளமெண்டி காட்டோரம் இருட்டும் நேரத்தில் 'டொக்… டொக்…' என்று சீராக ஒரு குரல் கேட்கும். அது பெருவால் பக்கி. பகலெல்லாம் சருகோடு சருகாகத் தரையில் கிடந்துவிட்டு, அந்தியில் எழுந்து பூச்சி பிடிக்கும். அலங்காரம் என்று பார்த்தால் ஆணின் சிறகிலும் வாலிலும் கொஞ்சம் வெள்ளை, அவ்வளவுதான்.

இதே குடும்பத்தில் ஆப்பிரிக்காவின் கொடிச்சிறகுப் பக்கி வேறு மாதிரி. செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை வாழ்கிறது. உடல் 23 சென்டிமீட்டர்தான். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் ஒவ்வொரு சிறகிலும் ஓர் இறகு மட்டும் 38 சென்டிமீட்டர் வரை நீளும். அதில் 20 சென்டிமீட்டருக்கு மேல் வெறும் தண்டு. நுனியில்தான் அகன்ற மடல். சாதாரணமாகப் பறக்கையில் இரண்டும் பின்னால் இழுபடும். பெட்டையைச் சுற்றி வரும்போது கொடிபோல் நிமிர்ந்து நிற்கும்.

தண்டு முதலில் வளர்ந்து நுனியில் மடல் விரிகிறது என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. தீபாவளிக்குப் பலகாரம் பிழியும் முறுக்கு உரலை நினைத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் பக்கோடா தட்டைப் போட்டுக் கொஞ்சம் பிழிந்து, அறுந்துவிடாமல் ஒற்றைத் துளைத் தட்டுக்கு மாற்றித் தொடர்ந்து பிழிந்தால் என்ன கிடைக்கும்? முதலில் வந்த பட்டையான துண்டு நுனியில் இருக்கும். பின்னால் வந்த மெல்லிய கம்பி அதைத் தள்ளிக்கொண்டே போகும். தோலில் உள்ள இறகுக்குழிதான் உரல். குழியின் அடியில் செல்கள் பெருகி, கெரட்டின் என்ற புரதம் நிரம்பி, இறுகிச் செத்து மேலே நகர்கின்றன. பக்க இழைகள் உருவாகும்வரை மடல். அவை நின்றுபோனால் தண்டு மட்டும்.

அடுப்பங்கரையில் தட்டு மாற்ற உரலைத் திறந்தாக வேண்டும். குழிக்கு அந்த அவசியமில்லை. பிழியும் வேலை நிற்காமலே அதன் உட்புறம் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. என்னை மலைக்க வைப்பது நீளத்தைவிட இந்த லாகவம்தான்.

வெளியே வந்த இறகு செத்த பொருள். ஒடிந்தால் ஒட்டாது. பருவம் முடிந்ததும் உதிர்ந்துவிடும். அடுத்த பருவத்துக்கு அதே குழியிலிருந்து புதிதாக முளைக்கும்.

இதே அமைப்பைக் கிளமெண்டியில் பகலிலேயே பார்க்கலாம். துடுப்புவால் கரிச்சானின் வாலில் வெளிப்புற இறகுகள் இரண்டும் இப்படித்தான். புதிதாக முளைக்கும் இறகில் துடுப்பு வாலையொட்டியே தெரியும். தண்டு நீள நீளத்தான் தள்ளிப்போகும்.