நோர்வூட்டுக்குச் சட்டம் வந்த வழி: அன்றும் இன்றும்

ஹட்டனிலிருந்து டிக்கோயா தாண்டி வந்தால், பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் பாதை பிரிகிற இடம் நோர்வூட். கடைவீதி உண்டு, பொலிஸ் நிலையம் உண்டு, 2018 முதல் தனிப் பிரதேச சபையும் உண்டு. வழக்கு என்றால் மட்டும் ஹட்டனுக்கு பஸ் ஏற வேண்டும். ஏறினால் அன்றைய பேர், அதாவது அந்த நாளின் சம்பளம், போய்விடும். இன்று மலையகத்தில் மக்களுக்காக உழைக்க வரும் சட்டத்தரணிகள் முதலில் முட்டிக்கொள்வது இந்த நாட்கூலிக் கணக்கோடுதான்.

நூறு ஆண்டுகளுக்கும் முன்னர் நிலைமை வேறு. அன்று தொழிலாளி நீதிமன்றத்தைத் தேடிப் போகவில்லை; நீதிமன்றம்தான் அவனைத் தேடிப் பிடித்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை. குடும்பத் தகராறாக இருந்தாலும் சரி, துரையோடு சண்டையாக இருந்தாலும் சரி, ஓடிப்போனது குற்றம். அதோடு துண்டு முறை. இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. அடுத்த தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கங்காணியின் மடியில் இருந்த அந்தத் துண்டு ஒரு குடும்பத்தின் விலைச்சீட்டு.

இதை உடைக்கச் சட்டம் படித்த ஒருவர் தோட்டத்துக்குள்ளிருந்தே வந்தார். பெரி சுந்தரம் 1890இல் தோட்டத்தில் பிறந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துச் சட்டத்தரணியானார். 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் செயலாளர் இவரே. அந்த முயற்சிகளின் அழுத்தத்தில் 1921இல் துண்டு முறை ஒழிந்தது. சர்வசன வாக்குரிமையோடு நடந்த 1931 தேர்தலில், ஹட்டன் தொகுதியிலிருந்து போட்டியின்றி அரசாங்க சபைக்குப் போய், தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சருமானார். தோட்டத்தில் பிறந்த பிள்ளை தொழில் அமைச்சர் ஆனது அன்றைக்குச் சாதாரண விஷயமல்ல.

ஆனால் அவர் பணி கொழும்பில் நடந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசல் வரை வர அவரால் முடியவில்லை. வழியும் இல்லை. தோட்டப் பாதை துரையின் தனிச்சொத்து. கேட்டுக்குள் வரும் வெளியாள் மீது அத்துமீறல் வழக்குப் போடலாம். அதனால்தான் சட்டம் படிக்காத பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார். 1936இல் ஹட்டன் தொகுதியை வென்றவரும் அவரே. தொழிற்சங்கப் பிரதிநிதி தோட்டத்துக்குள் வரலாம் என்று சட்டமே சொல்வதற்கு 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் பெரிய அடி விழுந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949இன் சட்டம் ஒரு கதவைத் திறந்தது போலிருந்தது. ஆனால் திருமணமானவர் 7 ஆண்டுகளும் மற்றவர் 10 ஆண்டுகளும் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். கேகாலைப் பக்கத்துக் கோடக்கன்பிள்ளை, தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கக் கேட்டுத் தொடங்கிய வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய், 1953இல் தோற்றது. இதற்கிடையே போராட்டம் விண்ணப்பப் படிவத்துக்கு மாறியிருந்தது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பித்தும், பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. பிறப்புப் பதிவு இல்லாதவர்கள், தோட்டம் மாறியவர்கள், ஒருமுறை இந்தியாவுக்குப் போய் வந்தவர்கள் எல்லாம் அந்தச் சல்லடையில் நின்றுபோனார்கள். பிரஜாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே இந்தக் கணக்கு முடிந்தது.

இன்று சட்டப் புத்தகம் பெரும்பாலும் தொழிலாளியின் பக்கம் நிற்கிறது. சேமலாப நிதிக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம், பணிக்கொடைக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், வருடத்துக்கு 14 நாட்சம்பளம் என்ற கணக்கில், 30 வருடம் கொழுந்தெடுத்த ஒரு பெண்ணுக்குப் பணிக்கொடை 5 இலட்சத்து 67 ஆயிரம் ரூபா. ஓய்வுபெற்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டிய காசு.

அது கையில் சேர விடாமல் தடுப்பது பல நேரம் ஒரே ஒரு எழுத்துதான். தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில், சிங்களத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி இன்னொரு பெயர். மூவரும் ஒருவர்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து, சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்கி, தோட்டக் காரியாலயத்திலிருந்து கடிதம் எடுத்து, மறுபடி தொழில் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். இன்றைக்கு மலையகத்தில் சேவை என்று செய்கிற சட்டத்தரணியின் நாள் பெரும்பாலும் இதில்தான் போகிறது. பத்திரிகையில் வராத வேலை. கட்டணம் கேட்கக் கூச்சப்படுகிற வேலை.

சட்டத்தரணியும் மாறியிருக்கிறார். பெரி சுந்தரம் காலத்தில் தோட்டத்திலிருந்து ஒருவர் சட்டம் படித்தது அதிசயம். இப்போது லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் தொடங்கிச் சட்டக் கல்லூரி வரை போன ஆண்களும் பெண்களும் கறுப்புக் கோட்டோடு நிற்கிறார்கள். ஆனாலும் தொழிலாளி முதலில் தேடிப்போவது அவர்களை அல்ல, சங்கத் தலைவரை. சந்தா செக்ரோலிலேயே கழிகிறது. தொழில் நியாய மன்றில் சங்கப் பிரதிநிதியே ஆஜராகலாம். ஏழைக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் குடும்ப வன்முறை, பராமரிப்பு, பொலிஸ் முறைப்பாடு, காணி என்று சங்கத்தின் எல்லைக்கு அப்பால் போகிற விஷயங்களில், குறிப்பாகப் பெண்கள், யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். சேவை மனமுள்ள சட்டத்தரணிக்கு இடம் காத்திருப்பது அங்கேதான்.

மொழியும் பாதிதான் மாறியது. 1999 வர்த்தமானி, நோர்வூட் அப்போது அடங்கியிருந்த அம்பகமுவ பிரிவை இருமொழி நிர்வாகப் பிரிவாக்கியது. நீதிமன்றம் அந்த வரிசையில் இல்லை. வடக்கு கிழக்குக்கு வெளியே வழக்கேடு பெரும்பாலும் சிங்களத்தில்தான். தமிழருக்குக் கிடைப்பது மொழிபெயர்ப்பாளர். தன் வழக்கில் என்ன எழுதப்பட்டது என்பதைப் படித்துச் சொல்ல, தொழிலாளிக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும்.

அன்று கடதாசி இருந்ததால் மனிதர் கட்டுண்டு கிடந்தார். இன்று கடதாசி சரியாக இல்லாததால் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் இருக்கிறார். மீதமிருப்பவற்றில் பெரியது காணி உறுதி. 7 பேர்ச் என்று மேடைகளில் கேட்டுப் பழகிய நிலம், குடும்பத்தின் பெயரில், பதிவோடு, தமிழிலும் எழுதப்பட்டு வர வேண்டும். அதை அறிவிப்பது அரசியல்வாதியின் வேலை. ஒவ்வொரு லயத்துக்கும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து முடித்துக் கொடுப்பது ஹட்டன் நீதிமன்றப் படியேறும் இந்தச் சட்டத்தரணிகளின் வேலை.