கோலிக்குண்டு சொன்ன தீர்ப்பு

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் காம்பியா என்ற சின்னஞ்சிறு நாடு இருக்கிறது. ஓர் ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டி நீண்டு கிடக்கும் நாடு. ஒரு பக்கம் கடல். மற்ற மூன்று பக்கமும் செனகல்.

2016 டிசம்பர் 1-ந் தேதி அங்கே ஜனாதிபதி தேர்தல் நடந்தது. ஓட்டுச் சீட்டு கிடையாது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனி நிறத்தில் ஒரு பீப்பாய். வாக்காளர் கையில் ஒரு கோலிக்குண்டு. வேண்டியவரின் பீப்பாயில் அதைப் போட்டால் உள்ளே மணி அடிக்கும். இரண்டாம் முறை அடித்தால் மோசடி என்று வெளியே இருக்கும் அதிகாரி தெரிந்துகொள்வார். எழுத்தறியாத மக்களுக்காக 1960களில் வந்த ஏற்பாடு இது.

அந்தக் கோலிக்குண்டுகள் யாயா ஜாமேயைத் தோற்கடித்தன. 1994-ல் ராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்து 22 ஆண்டுகள் ஆண்டவர் அவர். வென்றவர் அடாமா பாரோ. முதலில் தோல்வியை ஒப்புக்கொண்ட ஜாமே, டிசம்பர் 9-ந் தேதி பேச்சை மாற்றினார். தேர்தல் செல்லாது என்றார்.

அண்டை நாடுகள் வந்தன

முன்பாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். 1963-ல் தோன்றிய ஆப்பிரிக்க ஒற்றுமை ஸ்தாபனம், ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் மற்றொரு நாடு தலையிடலாகாது என்ற கொள்கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. சர்வாதிகாரிகளுக்கு அது நல்ல கேடயமாயிற்று.

காலம் மாறியது. 1975-ல் வர்த்தகத்துக்காகப் பிறந்த மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பு (எக்கோவாஸ்), 2001-ல் ஜனநாயகம், நல்லாட்சி பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அரசியல் சட்டத்துக்குப் புறம்பாகப் பெறும் ஆட்சியை ஏற்பதில்லை. தேர்தலுக்கு முந்திய ஆறு மாதங்களில், பெரும்பான்மை அரசியல் தரப்பினரின் சம்மதமின்றித் தேர்தல் சட்டத்தைப் பெரிதாக மாற்றக் கூடாது என்பவை அதன் விதிகள்.

அந்த ஒப்பந்தம் காம்பியாவில் சோதனைக்கு வந்தது. 2016 டிசம்பர் 13-ந் தேதி லைபீரியா, நைஜீரியா, சியரா லியோன், கானா ஆகிய நான்கு நாடுகளின் ஜனாதிபதிகள் காம்பியாவுக்குப் பறந்து வந்தார்கள். அவர்களுள் கானாவின் ஜான் மஹாமா, அதே மாதம் நடந்த தேர்தலில் தாமே தோற்று, தோல்வியை ஏற்றுக்கொண்டவர். ஜாமேக்குப் புத்தி சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்?

ஜாமே அசையவில்லை. 2017 ஜனவரி 19-ந் தேதி, செனகல் தலைநகர் டக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பாரோ பதவிப் பிரமாணம் எடுத்தார். அன்றே ஐ.நா. பாதுகாப்புச் சபை எக்கோவாஸின் முயற்சிக்கு ஆதரவு தெரிவித்தது. எக்கோவாஸ் துருப்புகள் எல்லையைக் கடந்தன. இரண்டு நாளில் ஜாமே நாட்டை விட்டு வெளியேறினார். பெரும் ரத்தக்களரி தவிர்க்கப்பட்டது.

இன்னொரு பக்கம்

கடைசி நேரத்தில் ஜாமேயிடம் பேசி, விமானத்தில் ஏற்றி அழைத்துச் சென்றவர் கினியா ஜனாதிபதி அல்பா காண்டே. இவர் கதைதான் படிப்பினை.

ஊருக்கு உபதேசம் செய்த காண்டே, தம் முறை வந்தபோது நாற்காலியை விடவில்லை. 2020 மார்ச்சில் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சட்டத்தை மாற்றி, அக்டோபரில் மூன்றாம் முறையாகப் பதவியைப் பிடித்தார். எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் பலர் உயிரிழந்தனர். எக்கோவாஸ் தடை எதுவும் விதிக்கவில்லை. 2021 செப்டம்பரில் ராணுவம் அவரைக் கவிழ்த்ததும், கினியாவை உடனே இடைநீக்கம் செய்தது!

துப்பாக்கியால் ஆட்சியைப் பிடித்தால் குற்றம். சட்டத்தைத் திருத்தி ஒட்டிக்கொண்டால் குற்றமில்லையா? இந்தக் கேள்வி புதிதல்ல. ஆட்சி மாற்றத்தைத் தடுக்கும் சட்டத் திருத்தமும் குற்றமே என்று ஆப்பிரிக்க யூனியனின் 2007-ம் ஆண்டு ஜனநாயக சாசனம் தெளிவாகவே சொல்கிறது. ஆனால், எந்த ஜனாதிபதியும் இரண்டு முறைக்கு மேல் பதவி வகிக்கக் கூடாது என்ற யோசனை 2015-ல் எக்கோவாஸ் மாநாட்டுக்கு வந்தபோது, டோகோவும் ஜாமேயின் காம்பியாவும் எதிர்த்தன, யோசனை கைவிடப்பட்டது.

பலன் என்ன? மாலி, பர்க்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய நாடுகளில் ராணுவம் ஆட்சிக்கு வந்தது. 2023-ல் நைஜர் மீது எக்கோவாஸ் எல்லையை மூடியது, படையெடுப்போம் என்றது, படை போகவில்லை. மருந்துக்கும் உணவுக்கும் தவித்தவர்கள் சாதாரண மக்கள். அந்த மூன்று நாடுகளும் 2025 ஜனவரி 29-ந் தேதி கூட்டமைப்பை விட்டே விலகிவிட்டன. அதன் நியாயம் ஜனாதிபதிகளுக்கு ஒரு மாதிரி, மற்றவர்களுக்கு ஒரு மாதிரி என்ற எண்ணம் வேரூன்றியிருந்ததால், தளபதிகளின் பேச்சு மக்களிடம் எடுபட்டது.

தோல்வியை ஏற்ற மஹாமாவோ, 2024 டிசம்பர் தேர்தலில் வென்று, மக்கள் ஓட்டாலேயே மீண்டும் ஜனாதிபதியானார்.

அண்டை நாடுகள் கூடிச் சட்டம் போட்டால் மட்டும் போதாது. கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் தவறு செய்யும்போதும் அதைச் சொல்லிக் காட்டும் துணிவு வேண்டும். காம்பியாவில் கைகொடுத்த அந்தத் துணிவு கினியாவில் இல்லாமற் போனதன் விலையைத்தான் மேற்கு ஆப்பிரிக்க மக்கள் கொடுத்து வருகிறார்கள்.