கழுவெளிக் கரையில் மனம் தெளிவதேன்?

நண்பகலில் மரக்காணம் உப்பளங்களில் கண் கூசும். வெண்ணிற உப்பு வெயிலைப் பிரதிபலிக்கிறது. மாலையில் அருகிலுள்ள கழுவெளிக் கரையில் சிறிது நேரம் நின்றால் மனம் தெளிகிறது. இது வெறும் கற்பனையா?

1984-இல் ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்கர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களுள், சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரைக் கண்ட 23 பேரைவிடச் சராசரியாகச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், ஆயினும் சிந்திக்க வைக்கிறது.

நகர வாழ்வில் கவனத்தை வலிந்து செலுத்திக் களைக்கிறோம். நீரும் மரமும் அதற்கு ஓய்வளிக்கின்றன என்பது ஒரு விளக்கம். அயல்நாட்டில் பணிபுரியும் நம்மவர் பூங்காவை நாடுவதும் இதனாலேயே போலும்.

குளிர்காலத்தில் அயல்நாட்டுப் பறவைகள் கழுவெளியை நாடி வருகின்றன. 2021-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதைக் காப்பது பறவைகளுக்கு மட்டுமன்று, நமக்கும் மருந்தாகும்.